இதய நலனுக்கு உடற்பயிற்சியும் பரிசோதனையும்: முகாம் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் பகுதியில் நடக்கும் பரிசோதனை முகாம்களில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் உட்காருகிறேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றும் சில நிமிடங்களுக்குள் மக்கள் கேட்டுவிடும் சந்தேகங்கள் முகாமுக்கு முகாம் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் பொதுவானவை, உங்களுக்கான மருந்தையும் பரிசோதனையையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான்.

1. “நெஞ்சு வலி, மூச்சிரைப்பு எதுவுமே இல்லையே சிஸ்டர், அப்புறம் எனக்கு எதுக்கு டெஸ்ட்?”

உயர் ரத்த அழுத்தமும், கூடுதல் கொழுப்பும், தொடக்க நிலைச் சர்க்கரை நோயும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கக்கூடியவை. இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் கரோனரி நாளங்களின் உட்சுவரில் கொழுப்பு படியத் தொடங்கி, அது மாரடைப்பில் முடிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அந்த நெடுங்காலத்தில் வலி எதுவும் தெரியாமலேயே போய், முதல் அறிகுறியே மாரடைப்பாக அமைந்துவிடுகிறவர்கள் பலர். எனவே “எனக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லும்போதுதான் பரிசோதனைக்குப் பொருள் உண்டு. வலி வந்த பின் செய்வது சிகிச்சையின் பகுதி.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்றும் இருக்கிறது. சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற பகுதிகளில் ஏறக்குறைய 59 ஆக இருக்க, தெற்காசியர்களிடம் அது 53. அதே ஆய்வு, மாரடைப்பு அபாயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் புகைபிடித்தல், கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொந்தி, உடலுழைப்பின்மை, மன அழுத்தம் முதலிய ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றும் காட்டியது. இவற்றில் பெரும்பாலானவை அளந்து பார்க்கக்கூடியவை, மாற்றக்கூடியவையும்கூட.

2. “எந்த வயசுலேருந்து, என்னென்ன பார்க்கணும்?”

ரத்த அழுத்தத்தை 18 வயதிலிருந்தே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். 30 வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பு அளவுகளையும் 30 வயதில் தொடங்கி, முடிவுகள் சரியாக இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எல்லைக்கோட்டில் இருந்தால் ஆண்டுதோறும் பார்க்கலாம். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களுக்குக் கட்டாயம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் இவை அனைத்தையும் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்களில் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்வது நல்லது. அது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகிவிடும் அளவு என்பதால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

செலவே இல்லாத கருவி தையல்காரரின் இஞ்சுநாடா. நம் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களை எடை இயந்திரம் காட்டிக்கொடுக்காது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரைகளையும் கொடுக்கிறார்கள்.

3. “ஒரே வாரத்துல மூணு இடத்துல பிபி பார்த்தேன், மூணும் வேற வேற. எதைத்தான் நம்புறது?”

மூன்றையும் நம்பாமல் இருப்பதே சரியாகக்கூட இருக்கலாம். ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற ஒன்று; அதோடு நாம் அளக்கும் முறையில் உள்ள குறைகளும் சேர்ந்துகொள்கின்றன. பேருந்திலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, அவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்தால், 10 முதல் 20 புள்ளிகள் கூடிக் காட்டுவது எளிது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினாலும் அளவு கூடும். கை தொங்கிக்கொண்டிருந்தாலும் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும்.

சரியான முறை இதுதான்: அரைமணி நேரத்துக்கு முன்பே காபி, தேநீர், புகை ஆகியவற்றை நிறுத்தி, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகுக்குச் சாய்வு உள்ள நாற்காலியில் கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் அமர வேண்டும். வெறுங்கையில் பட்டையைக் கட்டி, அந்தக் கையை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். முதன்முறை பார்க்கும்போது இரண்டு கைகளிலும் பார்த்துவிட்டு, எந்தக் கையில் கூடுதலோ அதையே பின்னர் தொடர வேண்டும்.

வீட்டில் அளப்பதானால் மணிக்கட்டுக் கருவியைவிட மேல்கையில் கட்டும் கருவி நம்பகமானது. ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து, முதல் நாளின் எண்களை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரியை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் 140/90 என்ற எல்லைக்கு வீட்டில் 135/85 இணையானது. மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் சரியாகக் காட்டி வீட்டில் ஏறியிருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வகையினர்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள்.

4. “ரிப்போர்ட்ல இத்தனை எண்ணு இருக்கே, நான் எதைப் பார்க்கணும்?”

சர்க்கரையில் வெறும்வயிற்றில் 100க்குக் கீழ் சரி; 100 முதல் 125 வரை எல்லைக்கோடு; 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயைக் குறிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7க்குக் கீழ் சரி, 6.5 அல்லது அதற்கு மேல் நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று சொல்லிவிட மாட்டார்கள். மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

கொழுப்பில் ‘மொத்த கொலஸ்ட்ரால்’ என்ற முதல் வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது பரவலாக நடக்கிறது. பார்க்க வேண்டியது எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு. வேறு அபாயம் இல்லாதவருக்கு அது 100க்குள் இருப்பது நல்லது. மாரடைப்பு வந்தவருக்கும் அபாயம் மிகுந்த சர்க்கரை நோயாளிக்கும் 70க்குக் கீழே, சிலருக்கு அதற்கும் கீழே கொண்டுவர மருத்துவர் விரும்புவார். அறிக்கையில் “நார்மல்” என்று அச்சிட்டிருப்பது எல்லோருக்கும் பொதுவான அளவு. அடைபட்ட நாளத்தை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவருக்கு எல்டிஎல் 98 என்றால் ஆய்வகம் அதைத் தடித்த எழுத்தில் காட்டாது, மருத்துவர் கவலைப்படுவார். இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு கூடியும் நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைந்தும் இருப்பது தெற்காசியர்களிடம் அதிகம் காணப்படும் அமைப்பு. உடற்பயிற்சிக்கு நன்றாக இணங்குவது இந்த டிரைகிளிசரைடுதான்.

5. “சும்மா நடந்தா இதயத்துக்கு அப்படி என்ன ஆயிடப் போகுது?”

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் எண்களோடு விடை தேடியவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜெரமி மோரிஸ். அந்நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களையும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் வெளியிட்டார். போக்குவரத்து நெரிசலின் பதற்றம்தான் ஓட்டுநர்களைப் பாதித்தது என்று யாரும் சொல்லக்கூடும் என்பதால், நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொடுக்கும் அஞ்சல்காரர்களை அதே துறையின் மேசைப் பணியாளர்களோடும் ஒப்பிட்டார். அங்கும் அதே போக்கு தெரிந்தது.

உடலுக்குள் நடப்பது இதுதான். வேகமாக நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடுவதால் நாளங்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தளர்கிறது. தொடர்ந்து செய்தால் உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் (140/90இல் 140) சராசரியாக 5 முதல் 8 புள்ளி குறைகிறது. தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலினுக்கு உடல் கூடுதலாக இணங்கும் இந்த நிலை ஓரிரு நாட்கள்தான் நீடிக்கும் என்பதாலேயே, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று சர்க்கரை நோயாளிகளிடம் சொல்கிறார்கள். சில மாதங்களில் ஓய்வு நேர நாடித்துடிப்பு குறைகிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, எடை பெரிதாகக் குறையாதபோதும் குறையலாம். எல்டிஎல் மட்டும் நடையால் அதிகம் அசைவதில்லை. “தினமும் நடக்கிறேன், ஆனாலும் கொலஸ்ட்ரால் குறையவில்லையே” என்று சோர்வடைகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடை வேறு பல வழிகளில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

6. “எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் நடக்கணும்?”

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலின்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்று வைத்துக்கொண்டால் 150 வந்துவிடும். அரைமணியை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும்.

வேகத்துக்குக் கைக்கடிகாரம் தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வயதை வைத்துப் போடும் நாடிக் கணக்கு பொருந்தாது. அவர்களும் இந்தப் பேச்சுச் சோதனையையே நம்பலாம். காலையில் பூங்காவில் நாலு பேர் வரிசையாக அரசியல் பேசிக்கொண்டு உலாவுவது மனதுக்கு நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில் பாடவும் முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

7. “பத்தாயிரம் அடி கட்டாயமா? என் போன்ல ஆறாயிரம் தாண்ட மாட்டேங்குது.”

கட்டாயம் இல்லை. பத்தாயிரம் என்ற எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. சராசரியாக 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்றில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. உடல்நலம் உள்ளவர்களே அதிகம் நடப்பார்கள் என்பதால் இத்தகைய ஆய்வுகளை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. என்றாலும் மிகப் பெரிய வேறுபாடு, அறவே நடக்காதவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று பல ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. உங்கள் ஆறாயிரத்தில் இரண்டாயிரத்தை வேகமாக நடந்தால் போதும்.

8. “காலைலேருந்து ராத்திரி வரைக்கும் வீட்டு வேலைதான். இதுக்கு மேல வேற நடக்கணுமா?”

கேட்பவர் பெரும்பாலும் பெண், கேட்கும் குரலில் நியாயமான எரிச்சலும் இருக்கும். நாற்று நடுவது, களை எடுப்பது, குடத்தில் தண்ணீர் சுமந்து வருவது, கையால் துணி துவைப்பது போன்றவை ஆறாம் கேள்வியில் சொன்ன பேச்சுச் சோதனையைத் தாண்டக்கூடியவை. அவற்றை உடற்பயிற்சியாகவே எண்ணலாம். கிரைண்டர், மிக்சி, வாஷிங் மெஷின் உள்ள வீட்டில் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் களைப்பைத் தரும். ஆனால் அந்தக் களைப்பு நெடுநேரம் நின்றதால் வருவது. இதயத் துடிப்பு தொடர்ந்து பத்து நிமிடம் உயராது.

எனவே வேலை போதுமா என்று களைப்பை வைத்து முடிவு செய்யாமல், மூச்சை வைத்து முடிவு செய்யுங்கள். போதவில்லை என்றால் கூடுதலாகத் தேவைப்படுவது பத்துப் பதினைந்து நிமிட வேக நடை. அந்த நேரத்துக்கு அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இந்தப் பக்கத்தைப் படிக்கும் கணவர்களும் பிள்ளைகளும் கவனிக்கட்டும்.

9. “யோகா மட்டும் பண்ணினா போதாதா?”

மெதுவான ஆசனங்களும் மூச்சுப்பயிற்சியும் மன அழுத்தத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஓரளவு உதவுகின்றன. உடல் வளையவும் தடுமாறாமல் நிற்கவும் உதவுகின்றன. மாரடைப்பு வந்த ஏறக்குறைய 4,000 பேரை வைத்து இந்தியாவில் 24 மையங்களில் நடந்த யோகா-கேர் ஆய்வு, யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் தம் உடல்நிலையை மேலாக உணர்ந்ததையும் பழைய வேலைகளுக்குத் திரும்பியதையும் காட்டியது. மறு மாரடைப்பும் இறப்பும் குறைந்தனவா என்பதை அதனால் நிறுவ முடியவில்லை. எனவே யோகாவை விட வேண்டாம், நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் விடை.

10. “முட்டி வலி. நடக்கவே முடியல.”

நடை என்பது ஒரு வழிதான். நிலைமிதிவண்டி, நீச்சல், நாற்காலியில் அமர்ந்து கைகளை வேகமாக வீசும் பயிற்சி எதுவாயினும் மூச்சு உயர்ந்தால் சரி. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாகச் செய்தால் தொடைத் தசை வலுவாகி, பலருக்கு மூட்டு வலியும் குறைகிறது. வலி கூடினால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

11. “வெறும் வயித்துல நடக்கலாமா? வெயில்ல நடக்கலாமா?”

மருந்து எதுவும் எடுக்காதவர் வெறும்வயிற்றில் நடக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படி நடந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வரலாம். அவர்கள் சிறிது சாப்பிட்டுவிட்டு நடக்க வேண்டும். சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடப்பதையும் தவிர்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியது தெரியாமலே புண்ணாகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் முற்பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை வெளியில் பயிற்சி வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகளுக்கு வெயிலில் நீர்ச்சத்து சீக்கிரம் குறையும். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை அவர்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் மெதுவாக நடப்பது எந்தப் பருவத்திலும் நல்லது.

12. “ஜிம்முக்குப் போறவங்களே செத்துப் போறாங்களே, அப்போ உடற்பயிற்சி ஆபத்துதானே?”

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மறைந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. இதில் உண்மையும் இருக்கிறது. கடுமையான உழைப்பு நடக்கும் நேரத்திலும் அடுத்த ஒரு மணிநேரத்திலும் மாரடைப்பு அபாயம் தற்காலிகமாகக் கூடுகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு கூடுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தி 1993இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறைகூடக் கடும் உழைப்பு இல்லாதவர் திடீரென உடலை வருத்தும்போது அந்த நேரத்து அபாயம் 107 மடங்கு கூடியது. வாரத்துக்கு ஐந்து நாளும் அதற்கு மேலும் செய்பவருக்கோ அது 2.4 மடங்கு மட்டுமே. மடங்கு பெரிதாக இருந்தாலும் ஒரு மணிநேரத்துக்கான அடிப்படை அபாயம் மிகமிகச் சிறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனவே ஆபத்து, பழக்கமில்லாத உடலுக்குத் திடீரெனக் கொடுக்கும் கடுமையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு, புத்தாண்டுத் தீர்மானத்தோடு முதல் நாளே ஓடுபொறியில் உச்ச வேகம் வைப்பவரும், பள்ளி நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால்பந்து ஆடப் போகிற நாற்பத்தைந்து வயதுக்காரரும் இந்த வகையினர். 40 வயதைத் தாண்டி, புகைப்பழக்கமோ சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் கடும் பயிற்சி தொடங்கும்முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரண நடைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

இளைஞர்களின் திடீர் மரணத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: பிறவியிலேயே வரும் இதயத் தசைத் தடிப்பு, மின்னோட்டக் கோளாறு முதலியவை. குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்கு முன் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தாலோ, ஓடும்போது நீங்கள் மயங்கி விழுந்திருந்தாலோ, இசிஜியும் இதய ஸ்கேனான எக்கோவும் எடுத்து இதய மருத்துவரைப் பார்க்காமல் விளையாட்டுப் பயிற்சி தொடங்க வேண்டாம்.

13. “போன மாசம்தான் இசிஜி எடுத்தேன், நார்மல். எனக்கு மாரடைப்பு வராதுதானே?”

படுக்கையில் ஓய்வாக எடுக்கும் இசிஜி, அந்தச் சில விநாடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதையே காட்டுகிறது. நாளம் பாதி அடைபட்டிருந்தாலும், ஓய்வில் போதிய ரத்தம் போகும்வரை கோடுகள் இயல்பாகவே இருக்கும். பழைய மாரடைப்பின் தழும்பு, துடிப்புக் கோளாறு, தசைத் தடிப்பு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. நாளை என்ன நடக்கும் என்று சொல்லும் கருவி அதுவன்று. நெஞ்சு வலி இருக்கும்போது எடுத்த முதல் இசிஜிகூடச் சரியாக இருந்து, அரைமணி கழித்து எடுத்ததில் மாறுதல் தெரிந்த நோயாளிகளைச் செவிலியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

14. “அப்போ டிஎம்டி, எக்கோ எல்லாம் சேர்ந்த மாஸ்டர் செக்கப் எடுத்துட்டா நிம்மதிதானே?”

அறிகுறியே இல்லாத, அபாயம் குறைந்த ஒருவருக்கு ஆண்டுதோறும் டிஎம்டி எனப்படும் டிரெட்மில் சோதனை செய்வதால் பெரிய பலன் இல்லை. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அடைப்பு முற்றியிருந்தால்தான் அது காட்டும். மாரடைப்போ, அவ்வளவாக அடைக்காமல் இருந்த கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதாலும் வருகிறது. மறுபுறம், நோயே இல்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இச்சோதனை தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டி, தேவையில்லாத ஆஞ்சியோகிராம் வரை இழுத்துச் செல்வதும் உண்டு. நடந்தால் நெஞ்சு இறுக்கம் வருகிறவருக்கும், மருத்துவர் காரணத்தோடு கேட்கிறவருக்கும் அது பயனுள்ள சோதனைதான். எக்கோ இதயத்தின் பம்பு வலிமையையும் வால்வுகளையும் பார்க்கிறது. நாள அடைப்பை நேரடியாகக் காட்டாது.

சில ஆயிரம் ரூபாய்த் தொகுப்பில் அறுபது எழுபது பரிசோதனைகள் என்று விளம்பரம் வரும்போது, அவற்றில் உங்கள் இதயத்தைப் பற்றி ஏதாவது சொல்பவை இரண்டாம் கேள்வியில் உள்ள நாலைந்துதான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

15. “சிடி கால்சியம் ஸ்கோர்னு சொல்றாங்களே, அது எடுக்கலாமா?”

நாளச் சுவரில் படிந்த சுண்ணாம்பை, சாயம் செலுத்தாமல், குறைந்த கதிர்வீச்சில் அளக்கும் சோதனை அது. பூச்சியம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அபாயம் குறைவு. 100க்கு மேல் என்றால் கொழுப்பு மாத்திரை பெரும்பாலும் தேவை. 400ம் அதற்கு மேலும் என்றால் அபாயம் மிகுதி. ஸ்டாட்டின் என்ற அந்தக் கொழுப்பு மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்று மருத்துவரும் நோயாளியும் தடுமாறும் நடுத்தர அபாயக்காரருக்கே இது மிகவும் உதவும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இதனால் புதிதாகத் தெரியப்போவது ஒன்றுமில்லை. முப்பதுகளில் இருப்பவரின் பூச்சியத்தை நம்பவும் முடியாது, சுண்ணாம்பு ஏறாத மென்மையான திட்டு இதில் தெரியாது.

16. “வருஷா வருஷம் செக்கப் பண்ணினாலும் சாவு குறையலைன்னு ஆராய்ச்சி இருக்காமே? அப்புறம் எதுக்கு முகாம் போடுறீங்க?”

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். ஆராய்ச்சி இருப்பது உண்மை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் பகுதியில் 30 முதல் 60 வயதுவரை உள்ள ஏறக்குறைய 60,000 பேரில் ஒரு பகுதியினரை மட்டும் பரிசோதனைக்கும் வாழ்க்கைமுறை ஆலோசனைக்கும் அழைத்து, பத்தாண்டு கழித்துப் பார்த்ததில், அழைக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இதய நோயில் வேறுபாடு இல்லை. அதே நாட்டில் 65 முதல் 74 வயதுள்ள ஆண்களுக்குச் சிடி உட்பட விரிவான பரிசோதனை செய்து 2022இல் வெளியான ஆய்விலும், ஐந்தாண்டுகளில் மொத்த இறப்பு ஐயத்துக்கிடமின்றிக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை.

இந்த ஆய்வுகளை நாம் புறந்தள்ளக் கூடாது. அவை சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அளந்து பார்ப்பது யாரையும் காப்பதில்லை, அளந்த பின் மாறுவதுதான் காக்கிறது. மேல் ரத்த அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் பெரிய இதய, ரத்தநாள நிகழ்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது. எல்டிஎல்லை ஏறக்குறைய 40 மி.கி. குறைத்தாலும் அதே அளவு பலன். அந்தப் பலன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவருக்குக் கிடைத்தது. டென்மார்க்கில் பரிசோதனைக்கு அழைக்கப்படாதவருக்கும் குடும்ப மருத்துவர் இருக்கிறார், அவர் வழக்கமாகவே ரத்த அழுத்தம் பார்த்துவிடுகிறார். இங்கே முகாமுக்கு வருகிறவர்களில் தம் அளவை முதன்முறையாக அறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே முகாம் வேண்டும். ஆனால் முகாமில் 160/100 என்று எழுதிக் கொடுத்த சீட்டு மூன்று மாதம் கழித்து எங்கே இருக்கிறது என்று கேட்கும் ஏற்பாடும் வேண்டும். அது இல்லாத முகாம்களைப் பற்றி எனக்கும் அந்த மாணவரின் ஐயம் உண்டு.

17. “நடக்க ஆரம்பிச்சதுலேருந்து பிபி நார்மல். மாத்திரையை நிறுத்திடலாமா?”

நீங்களாக நிறுத்த வேண்டாம். இப்போது தெரியும் சரியான அளவு, நடையும் மாத்திரையும் சேர்ந்து தந்தது. ஐந்தாம் கேள்வியில் சொன்ன 5 முதல் 8 புள்ளி என்ற கணக்கைப் பாருங்கள்: 145இல் இருந்தவர் நடையால் மட்டும் 140க்குக் கீழே வரலாம், 170இல் இருந்தவர் வர மாட்டார். மூன்றாம் கேள்வியில் உள்ளபடி ஒரு வாரம் வீட்டில் அளந்து எடுத்துச் சென்றால், மருத்துவரே மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்க்கக்கூடும். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறி ஆபத்தாகலாம். ஸ்டாட்டினை நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே திரும்பும்.

18. “பொம்பளைங்களுக்கு மாரடைப்பு வராதுன்னு சொல்றாங்களே அக்கா?”

மாதவிடாய் நிற்கும்வரை ஆண்களைவிடச் சற்றுத் தாமதமாக வரும். அதன்பின் அந்த இடைவெளி சுருங்கிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அந்தப் பாதுகாப்பு முன்னரே போய்விடுகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டவர்கள் அதைப் பழங்கதையாக மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் போலத் தம் பிரசவக் குறிப்பையும் பத்திரப்படுத்தி, பரிசோதனைக்குப் போகும்போது சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும் அவ்வாறே.

19. “வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சாச்சு. இனிமே அவரை அசையவிடலாமா?”

அசையவிடத்தான் வேண்டும். சிக்கல் இல்லாத மாரடைப்புக்குப் பின் மருத்துவமனையில் இருக்கும்போதே எழுந்து நடக்க வைக்கிறார்கள். வீடு திரும்பியதும் ஐந்து, பத்து நிமிடம் என்று தொடங்கி வாரந்தோறும் கூட்டலாம். முறையான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களிடம் இதய நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது. கனமான பொருளை மூச்சடக்கித் தூக்குவது, சாப்பிட்டவுடன் மாடி ஏறுவது ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள். ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பை மட்டுமே சரிசெய்கிறது. மற்ற நாளங்களுக்காகவே மாத்திரையும் நடையும் தொடர வேண்டும். பாசத்தால் அவரைக் கட்டிலிலேயே வைத்திருப்பதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன்.

20. “நடக்கும்போது நெஞ்சு இறுக்குது, நின்னா சரியாயிடுது. கேஸ்தானே?”

வாயுக்கு நீங்கள் நடப்பதும் நிற்பதும் தெரியாது. உழைக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் ஓரிரு நிமிடங்களில் விலகும் இறுக்கம், அது நெஞ்சிலோ தாடையிலோ இடது தோளிலோ மேல் வயிற்றிலோ எங்கே இருந்தாலும், நாள அடைப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும். நடையை நிறுத்திவிட்டு அந்த வாரத்துக்குள் இதய மருத்துவரைப் பாருங்கள். பதினான்காம் கேள்வியில் சொன்ன டிஎம்டி போன்றவை உங்களைப் போன்றவர்களுக்கானவைதாம். முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வரத் தொடங்கினால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஓய்விலும் விலகாமல் பதினைந்து நிமிடம் நீடித்தால், வியர்வையும் குமட்டலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், சோடா குடித்துப் பார்த்து நேரத்தை விடாமல் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி மங்கலாக இருந்து, களைப்பும் மூச்சிரைப்புமே முன்னால் நிற்கலாம். தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து நிலையம் எங்கே இருக்கிறது என்பதை இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, இரு சக்கர வாகனத்தின் பின்னாலும் உட்கார்ந்து போகக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கடைசியாக எடுத்த இசிஜியையும் உடன் வருகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். பழைய இசிஜியோடு ஒப்பிட முடிந்தால் மருத்துவருக்கு முடிவெடுக்கும் நேரம் மிச்சமாகும்.